மண்டபத்தில் மாட்டுங்கள், மலையில் கழற்றுங்கள்

ஆசைக்கு ஒரு சின்ன ட்ரோன் வாங்கி, ஏரிக்கரையிலும் மொட்டைமாடியிலும் ஓட்டிப் பழகி, இன்று சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றாலே “நம்ம ஹெலிகேம் தம்பியைக் கூப்பிடுங்கப்பா” என்று அழைக்கப்படும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களைப் போன்றவர்களின் ட்ரோன்கள் அடிபட்டு வந்து சேரும் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கேமரா தொங்கியபடி வரும், மோட்டாரில் பூமாலை நார் சுற்றிக்கொண்டு வரும், பாதி உடம்பு மட்டும் ஒரு பாலித்தீன் பையில் வரும். அவற்றோடு அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சாமானைப் பற்றித்தான் இந்த மடல். இறக்கைகளைச் சுற்றிக் கிளிப் போட்டு மாட்டும் பிளாஸ்டிக் வளையம், ப்ராப் கார்டு என்கிறோமே, அது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறீர்கள். மலைக்குப் போனால் “பாறையில் இடித்துவிடுமோ” என்ற பயத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் “வளையம் படத்தில் விழுகிறது, பார்க்கவும் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது” என்று கழற்றிப் பையில் போட்டுவிடுகிறீர்கள். மாட்ட வேண்டிய இடம் மண்டபம். கழற்ற வேண்டிய இடம் மலை.

இந்தக் குழப்பத்துக்கு விற்பவர்களும் ஒரு காரணம். “உங்கள் ட்ரோனைக் காக்கும்” என்றுதான் அட்டைப்பெட்டியில் போடுகிறார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ட்ரோன் மெல்ல நகர்ந்துபோய்ச் சுவரை உரசினால், இறக்கைக்குப் பதிலாக வளையம் சுவரில் படும். ட்ரோன் ஒரு தடுமாற்றத்தோடு தப்பித்துக்கொள்ளும். வளையம் இல்லையென்றால் இறக்கை சுவரில் மோதி, அந்தப் பக்கம் சரிந்து, நேராகத் தரைக்கு வரும். அந்த மட்டும் சரி. ஆனால் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ட்ரோன் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டரை நெருங்கிய வேகத்தில் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் வளைகிற பிளாஸ்டிக் அங்கே என்ன செய்யும்?

மேசையில் பார்த்துத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. வளையம் பெரும்பாலும் மோட்டாருக்கு அடியில், ட்ரோனின் கை முடிகிற இடத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. வேகமாக இடித்தால் இடியின் வலு முழுவதும் வளையம் வழியாக அந்தக் கைக்குப் போகிறது. இறக்கை பிழைத்துவிடும், கை விரிசல் விடும். இறக்கை மாற்ற ஒரு சின்னத் திருப்புளியும் ஐந்து நிமிடமும் போதும். கையை மாற்ற வேண்டுமானால் உடம்பைப் பிரித்து, மோட்டார் கம்பிகளைப் பற்றவைப்பு எடுத்து, மறுபடி பற்றவைக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை என்றாலும், உங்கள் மாடலுக்கு உரிய கை கிடைப்பதற்குள் முகூர்த்த மாதம் முடிந்துவிடும்.

அப்படியானால் வளையம் யாருக்காக? எதிரே நிற்பவரின் விரலுக்காகவும் கண்ணுக்காகவும்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கையடக்க ட்ரோன்கள் பலவற்றில் இறக்கையின் விட்டம் 4.7 அங்குலம், அதாவது ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். ஒரு சுற்றில் அதன் நுனி 37 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே பயணம் செய்கிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், நுனியின் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இறக்கையின் எடை ஒன்றுமில்லைதான். அதன் விளிம்போ பிளேடு மாதிரி மெல்லியது. மடங்கும் இறக்கை என்பதால் பட்டவுடன் பின்வாங்கும் என்று சொல்வார்கள். பின்வாங்கும், ஆனால் தோலைக் கிழித்த பிறகு.

2015 மே மாதம் மெக்சிகோவின் தீவானா நகரில் பாடகர் என்ரிகே இக்லேசியாஸ் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் படம்பிடிக்க வந்த ட்ரோனை அவர் கையால் பிடித்துக் காட்டுவது அவருடைய நிகழ்ச்சியில் வழக்கமான ஒன்று. அன்று பிடி தவறியது; விரல்கள் வெட்டுப்பட்டன. கட்டுப் போட்டுக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தவருக்குப் பிறகு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அதே ஆண்டு இங்கிலாந்தின் வோர்ஸ்டர்ஷயர் பகுதியில் நடந்தது இதைவிடக் கொடியது. குடும்ப நண்பர் ஒருவர் வீட்டருகே ட்ரோனைப் பறக்கவிட்டு இறக்குகிறார். மரக்கிளையில் லேசாகப் பட்டு, சுழன்று, திசை மாறி வந்த ட்ரோனின் இறக்கை, நடை பழகும் வயதுக் குழந்தை ஒன்றின் கண்ணைப் பறித்துவிட்டது. ஓட்டியவர் புதியவர் அல்லர், பழகிய கைதான். ட்ரோன் பறந்ததோ சுமார் ஒரு நிமிடம்.

மரக்கிளையில் லேசாகப் பட்டது என்பதைக் கவனியுங்கள். பெரிய மோதலே தேவையில்லை. நான்கில் ஒரு மூலை ஒரு நொடி தடைப்பட்டால் போதும், ட்ரோன் எந்தப் பக்கம் பாயும் என்று உங்களால் சொல்ல முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வும் காப்பைத்தான் வலியுறுத்தியது: ஆட்களுக்கு மேலே பறக்கவிட வேண்டுமென்றால் இறக்கைக் காப்பு இன்றியமையாதது.

இப்போது நம் மண்டபத்துக்கு வாருங்கள். அங்கே உங்கள் ட்ரோன் எந்த நிலைமையில் பறக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கான்கிரீட் கூரைக்கு அடியில் ஜிபிஎஸ் கிடைக்காது. வெளியே கயிறு கட்டியது போல நின்ற அதே ட்ரோன், உள்ளே வந்ததும் வயிற்றிலுள்ள கேமராவால் தரையைப் பார்த்துத்தான் தன் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் மண்டபத் தரையோ வழுவழுப்பான கிரானைட். மேலே உள்ள விளக்கெல்லாம் அதில் மின்னும். சுவடில்லாத தரையிலும் பளபளப்பிலும் அந்தக் கேமரா குழம்பும். ஓட்டுபவர் குச்சியைத் தொடாமலே ட்ரோன் ஒன்றிரண்டு அடி வழுக்கிப்போவது இதனால்தான். மூலைக்கு மூலை ஆள் உயர மின்விசிறிகள் வேறு. தோரணம், சீரியல் லைட், மேடை அலங்காரத்தின் துணி மடிப்பு, மணமக்கள் மேல் வெடிக்கும் ஜிகினாக் காகிதம், இவை எல்லாவற்றுக்கும் நடுவே, ட்ரோனைக் கண்டதும் கையை நீட்டி எம்பிக் குதிக்கும் வாண்டுகள். இந்த இடத்தில்தான் “படத்தில் விழுகிறது” என்று வளையத்தைக் கழற்றுகிறீர்கள்.

படத்தில் விழுவது உண்மைதான். சில வளையங்கள் ட்ரோன் முன்னோக்கிச் சாயும்போது காட்சியின் மேல் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அதற்கு வழி, மெதுவாக ஓட்டுவது. சாய்வு குறைந்தால் வளையமும் மறையும். கல்யாண வீட்டுக்குள் ட்ரோன் வேகமாகப் போக வேண்டிய காட்சி எது? சினிமா வாய்ப்புக்கு வெள்ளோட்டமாக நினைத்துக்கொண்டு தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றிச் சுழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்சதை போடக் கை தூக்கிய பெரியவர்கள் அந்தக் கையாலேயே தலையை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் படம் யாருக்கும் அழகாக வராது.

வளையத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று பக்கவாட்டை மட்டும் மறைப்பது, அரை வட்டமோ முழு வட்டமோ. மற்றது மேலும் கீழும் கம்பி கம்பியாக மூடிய கூண்டு. சுவரில் உரசாமல் இருக்க முதல் வகை போதும். ஆட்கள் நடுவே பறக்கவிடக் கூண்டுதான் வேண்டும். மேலிருந்து தொங்கும் தோரணத்தையும் கீழிருந்து எழும்பும் கையையும் பக்கவாட்டு வளையம் தடுக்காது. கூண்டிலும் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் விரல் நுழையுமா என்று ஒரு பென்சிலை விட்டுப் பாருங்கள். நுழைந்து இறக்கையைத் தொட்டால் அது கூண்டே அல்ல. முந்தானை நுனி, அவிழ்ந்த கூந்தல், பூச்சர நூல் இவற்றை எந்தக் கூண்டும் நிறுத்தாது. ஆகவே கூண்டு மாட்டியிருந்தாலும் ஆள் தலைக்கு நேர் மேலே நிறுத்தி வைக்காதீர்கள்.

உள்ளே பறக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. சிக்னல் போனால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்று செயலியில் ஓர் அமைப்பு இருக்கும். கிளம்பிய இடத்துக்குத் திரும்பு என்று இருந்தால், சில நிலைமைகளில் அது முதலில் மேலே ஏறப் பார்க்கும், மேலே கூரை. ‘நின்ற இடத்திலேயே நில்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ட்ரோன் தடுமாறினால் ஓடிப்போய்க் கையால் பிடிக்காதீர்கள். போனால் போகட்டும்.

இனி மலை. காப்பைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் காற்று. வளையம் மாட்டிய ட்ரோன் காற்றுக்குக் காட்டும் பரப்பு கூடுகிறது. அதைத் தாங்கி நிற்க அது கூடுதலாகச் சாய வேண்டும், மோட்டார்கள் கூடுதலாகச் சுழல வேண்டும், பேட்டரி அந்த அளவுக்குச் சீக்கிரம் கரையும். வளையம் இருந்தால் காற்று ஒழுங்காகி இறக்கைக்கு வலு கூடும் என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இடைவெளியே இல்லாத அளவுக்கு நெருக்கமாக வார்த்த குழாய்க்கு அது பொருந்தும். கிளிப் போட்டு மாட்டும் வளையத்தில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதே, அங்கே கிடைப்பது இழுவை மட்டும்தான்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். உங்கள் ட்ரோன் சாதாரண நிலையில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் என்று கொள்ளுங்கள். தரையில் இலை அசைகிற காற்றுதான். ஆனால் 300 அடி உயரத்தில் எதிர்க்காற்று நொடிக்கு 9 மீட்டர். அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டு எதிர்க்காற்றில் திரும்புகிறீர்கள். தரையை வைத்துப் பார்த்தால் உங்கள் வேகம் நொடிக்கு 1 மீட்டர். வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இது வளையம் இல்லாத ட்ரோனின் கணக்கு. வளையத்தின் இழுவை அந்த 10 மீட்டரில் ஒன்றைக் குறைத்தாலும், ட்ரோன் அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நின்று பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். திரையில் தூரம் குறையவே குறையாது. அம்மியே பறக்கிற ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கமும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் பறக்கவிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

கிளைகளுக்கு இடையே போனால் வளையம் காக்கும் என்பதும் பாதிதான் சரி. தடித்த கிளையில் முட்டினால் தள்ளிவிடும். கருவேலம் போன்ற முள் மரத்தில் அந்த வளையமே கொக்கியாகி மாட்டிக்கொள்ளும். கீழே விழுந்த ட்ரோனை எடுத்துவிடலாம். முள் மரத்து உச்சியில் மாட்டியதை எடுக்க ஆள் தேட வேண்டும்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 2010-இல் பிரான்சின் பாரட் நிறுவனம் ‘ஏஆர்.ட்ரோன்’ என்ற நான்கு இறக்கை ட்ரோனைக் கைப்பேசியால் ஓட்டும்படி கடைக்குக் கொண்டுவந்தது. பொழுதுபோக்கு ட்ரோனை வீட்டுக்குள் அழைத்து வந்த முன்னோடிகளில் அது ஒன்று. அதோடு இரண்டு மேலுறைகள் கொடுத்தார்கள். வீட்டுக்குள் பறக்க, நான்கு இறக்கைகளையும் சுற்றி நுரை வளையம் கொண்ட உறை. வெளியே பறக்க, வளையமே இல்லாத ஒடுக்கமான உறை. பெட்டியைத் திறந்த சிறுவனுக்கும் எது எங்கே என்று தெரிந்திருந்தது. பிறகு வந்த ட்ரோன்கள் சிறியதாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் ஆனபோது இந்தத் தெளிவு எங்கோ தொலைந்துவிட்டது.

எடையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் இதில் சட்டம் இருக்கிறது. உங்களில் பலர் வைத்திருப்பது 249 கிராம் ட்ரோன். அந்த எண் தற்செயலாக வந்ததல்ல. 250 கிராம் என்பது பல நாடுகளின் சட்டத்தில் ஒரு கோடு. நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை ‘நானோ’, அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. நானோவை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்டவும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் வேண்டும். சட்டம் பார்ப்பது ட்ரோன் சுமக்கும் எல்லாவற்றையும் சேர்த்த மொத்த எடையை. 249 கிராமோடு ஒரு வளையம் சேர்ந்தால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். “மாமா வீட்டு விசேஷம், சும்மா ஆயிரம் ரூபாய் கொடுத்தார்” என்பதற்கு அந்த விதியில் தனி இடம் இல்லை.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனித்தீர்களா? பாதுகாப்புக்காக மாட்டிய சாமான் உங்களைக் கடுமையான வகைக்குள் தள்ளுகிறது. அமெரிக்காவில் 2021-இல் நடைமுறைக்கு வந்த விதி இன்னும் நேரடியானது. ஆட்களுக்கு மேலே பறக்கும் ட்ரோன்களில் முதல் வகைக்கு இரண்டு நிபந்தனைகளை அது சேர்த்தே வைக்கிறது: எல்லாம் சேர்ந்து 250 கிராமுக்குள் இருக்க வேண்டும், தோலைக் கிழிக்கும்படி சுழலும் பாகம் வெளியே தெரியவும் கூடாது. 249 கிராம் ட்ரோன் வளையமில்லாமல் இரண்டாவதில் தோற்கும், வளையத்தோடு முதலாவதில் தோற்கும்.

இதிலிருந்து வெளியே வரும் வழி, வளையத்தோடே பிறந்த ட்ரோன். 2024-இல் வந்த டிஜேஐ நியோ இறக்கைக் காப்போடு சேர்த்து 135 கிராம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஹோவர்ஏர் எக்ஸ்1 முழுக் கூண்டுக்குள் 125 கிராம். பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் டெல்லோ 80 கிராம்தான். அதன் காப்பைக் கழற்றலாம், ஆனால் கழற்றிவிட்டு வகுப்பறையில் பறக்கவிடும் ஆசிரியரைப் பார்த்தால் நான் கேள்வி கேட்பேன். விசேஷங்களுக்குப் போவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால், அடுத்து வாங்கும்போது இந்த இனத்தைப் பாருங்கள். படத்தின் தரம் கொஞ்சம் குறையலாம். காற்றில் இவை தள்ளாடும். மண்டபத்துக்குள் ஆடிக்காற்று இல்லை.

இருப்பதை வைத்து ஓட்டுபவர்களுக்கு மாட்டும் முறை. பேட்டரியை அணைத்துவிட்டு மாட்டுங்கள். முன்வளையமும் பின்வளையமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பல மாடல்களில் ஒன்றல்ல. மேலே உள்ள குறியைப் பாருங்கள். கிளிப் ‘டக்’ என்று விழ வேண்டும். பிறகு ஒவ்வோர் இறக்கையையும் விரலால் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, எங்கும் உரசவில்லை, இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுக் கேமராவையும் முன்பக்க உணரிகளையும் வளையம் மறைக்கக் கூடாது. மறைத்தால் தடை உணரும் வசதியை அணைத்துவிடச் சொல்லி அந்த மாடலின் கையேட்டில் இருக்கிறதா என்று படியுங்கள். இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றிச் சற்று நேரம் நிறுத்தி, காது கொடுத்துக் கேளுங்கள். தளர்ந்த கிளிப் ஒன்று கிடுகிடுக்கும் சத்தம் தனியாகக் கேட்கும். படமும் ஜெல்லி மாதிரி நடுங்கும். வளையம் மறைத்திருப்பதாலேயே இறக்கையின் விளிம்பில் விழுந்த வெட்டு கண்ணில் படாமல் போகிறது. ஆகவே விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பாருங்கள்; வெட்டு இருந்தால் அந்த மோட்டாரின் இரண்டு இறக்கைகளையும் சேர்த்து மாற்றுங்கள்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் நீங்களே வளையம் செய்கிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். காலையில் சரியாக இருந்த வளையம் மதியம் வளைந்திருக்கும், மாட்டிக் கிளப்பினால் இறக்கையைத் தின்னும். நெகிழும் டிபியு இந்த வேலைக்குத் தேவலை.

கடைசியாக, உங்களைக் கூப்பிடும் வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். “உள்ளே பறந்தால் கூண்டோடுதான் பறக்கும், குழந்தைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்” என்று சொல்லுங்கள். பெண் வீட்டுக்காரரோ மாப்பிள்ளை வீட்டுக்காரரோ “அந்த வளையத்தை எடுத்துவிடு தம்பி, அசிங்கமாக இருக்கிறது” என்றால், ட்ரோனைப் பையில் வைத்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுங்கள். மண்டபத்து வாசலையும் ஊர்வலத்தையும் வெளியே போய்க் காப்பில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், ஆட்களை விட்டு விலகி நின்று. அதற்கும் அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த அழைப்பை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தம்பி.

அன்புடன்,
உங்கள் ட்ரோன்களைப் பழுதுபார்க்கும் ஓர் அண்ணன்